கண் தப்பிய வலை: மூளையின் முன்மடலில் ஒரு கட்டி, ஒரு மீனவக் குடும்பம்

முன்குறிப்பு

ராமேசுவரம் தீவில் ஒரு மீனவர் கிராமத்தில் 2023 மார்ச்சிலிருந்து 2024 ஆகஸ்ட் வரை நடந்தது இது. குடும்பத்தாரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். ஊர்ப் பெயரோ ஆள் பெயரோ வராது. நான் வீடுவீடாகப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களைப் பார்க்கும் நோய் ஆதரவுச் செவிலியர். அந்த வீட்டுக்கு நான் போகத் தொடங்கியது கட்டி வந்த மீனவருக்காக அல்ல, அவருடைய அம்மாவுக்காக. நோய் பிடிபடாமல் இருந்த ஐந்து மாதத்தில் பத்துத் தடவையாவது அந்தத் திண்ணையைத் தாண்டிப் போயிருக்கிறேன். திண்ணையில் அவர் உட்கார்ந்திருந்தார். அதனால் இதில் நான் வெளியே நின்று பார்த்தவள் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பின்னணி

அவருக்கு வயது 52. நாட்டுப்படகு வைத்து வடகடலில் நண்டு வலை போடுகிறவர். மனைவிக்கு 45. தென்கடல் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுக்கப் போவார். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சைப் பிடித்து முங்கி, கல்லில் ஒட்டியிருக்கும் பாசியைப் பிடுங்கி எடுக்கிற வேலை. மகனுக்கு 23, அப்பாவோடு அதே படகில். மகள் அப்போதுதான் பிளஸ் ஒன் முடிக்கப் போகிறாள். அவருடைய அம்மா பக்கவாதத்தில் வலது கை கால் விழுந்து மூன்று வருடமாகப் படுக்கையில்.

அவருக்குச் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு கிடையாது. பீடி உண்டு. குடி, திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும். மனநோய் என்று எந்தக் காலத்திலும் எதுவும் இருந்ததில்லை. ஊரில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது: கிழிந்த வலையைப் பொத்துவதில் அவர் கைக்கு நிகரில்லை. அளவு வைத்துப் பார்க்க மாட்டார். விரலே அளவு. அவர் பொத்திய இடம் எது, பழைய வலை எது என்று தடவிப் பார்த்தாலும் தெரியாது என்பார்கள்.

குணம் மாறிய ஐந்து மாதங்கள்

முதல் அடையாளம் அந்த வலையிலேயே இருந்தது. மகன் அதை எனக்குக் காட்டியது மிகவும் பிந்தி, அறுவை சிகிச்சையெல்லாம் முடிந்த பிறகு. வீட்டுக்குப் பின்னால் சுருட்டிப் போட்டிருந்த வலையை எடுத்துவந்து முற்றத்தில் விரித்தான். 2023 மார்ச்சில் அப்பா பொத்தியது. ஒரு முழம் ஒழுங்காக இருந்தது. அடுத்த முழத்தில் ஒரு கண் பெரிது, ஒரு கண் சிறிது. இரண்டு இடத்தில் நூல் வெறுமனே சுற்றியிருந்தது, முடிச்சே இல்லை. “தூங்கிக்கிட்டே பொத்துனீங்களாப்பான்னு கேட்டேன் சிஸ்டர். சிரிச்சாக. அவ்வளவுதான்” என்றான்.

ஏப்ரல் 15 முதல் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். நாட்டுப்படகுக்காரர்களுக்குச் சரக்குக்கு நல்ல விலை கிடைக்கிற காலம் அது. அந்தச் சமயம் பார்த்து அவர் கடலுக்குப் போவதை நிறுத்தினார். நிறுத்துகிறேன் என்று சொல்லவும் இல்லை. மகன் எழுப்பினால் “வாரேன்” என்பார், மறுபடி படுத்துக்கொள்வார். பல் துலக்கச் சொன்னால்தான் துலக்குவார். கேட்டதற்குப் பதில் வரும், ஆனால் தானாக ஒரு வார்த்தை வராது. அந்தக் குடும்பத்தில் அதற்கு முன்னால் அதிகம் பேசுகிறவர் அவர்தான்.

மே மாதம் பங்காளி வீட்டில் ஒரு துஷ்டி. பிணம் எடுப்பதற்கு முன்னால், பெண்கள் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருக்கும்போது, இவர் சத்தமாக, “மதியத்துக்கு என்ன குழம்பு?” என்று கேட்டிருக்கிறார். ஒருவர் முறைத்ததும் சிரித்திருக்கிறார். அதோடு ஊருக்குள் பேச்சு ஒரு முடிவுக்கு வந்துவிட்டது: ஆள் ரகசியமாகக் குடிக்கிறார். காலையில் அவர் வாந்தி எடுப்பதைப் பக்கத்து வீட்டார் பார்த்திருந்ததால் அதற்குச் சாட்சியும் கிடைத்தது. ஜூனில் ஒரு நாள் நடுமுற்றத்தில், மகளும் அவள் தோழியும் உட்கார்ந்திருக்கும்போது, நின்றபடியே சிறுநீர் கழித்தார். மனைவி அன்றைக்கு அவரை விளக்குமாறால் அடித்தார். இதை மனைவியே என்னிடம் சொன்னார், எழுதவும் சொன்னார்.

என் வருகைக் குறிப்பேட்டில் அந்த ஏப்ரலில் மூத்தவரை, அதாவது அவருடைய அம்மாவை, பற்றிய பக்கத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறேன்: “மகன் பொறுப்பில்லை. எல்லாம் மருமகள்தான் பார்க்கிறார்.” அந்தப் பக்கத்தை நான் கிழிக்கவில்லை.

இப்போது தெரிகிறது. மூளையின் முன்மடல்தான் ஒரு வேலையைத் தொடங்க வைக்கிறது, அடுத்து என்ன என்று திட்டமிட வைக்கிறது. எந்த இடத்தில் எதைப் பேசலாம் என்ற கூச்சம் அங்கிருந்து வருகிறது. சிறுநீரை அடக்கிக்கொள்ளும் கட்டுப்பாட்டிலும் அதற்குப் பங்கு உண்டு. அங்கே கட்டி வளரும்போது பல சமயம் கை கால் விழாது, வாய் கோணாது. பார்க்கிறவர்களுக்குச் சோம்பேறித்தனமாகவும் வெட்கங்கெட்டதனமாகவும் குடியாகவும்தான் தெரியும். இன்னொரு சிக்கல், நோயாளிக்கே அது ஒரு குறையாகப் படாது. அவருக்குக் காலையில் தலைவலி இருந்திருக்கிறது. இரவெல்லாம் படுத்திருக்கும்போது மண்டைக்குள் அழுத்தம் கூடுவதால் இந்த வலி விடியும் நேரத்தில் மோசமாக இருக்கும், வாந்தி எடுத்தால் கொஞ்சம் தணியும். அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்ற எண்ணமே எழாததும் அந்த நோயின் பகுதிதான்.

ஓரியூர், ஏர்வாடி, அப்புறம் ஸ்கேன்

ஜூன் கடைசியில் ஒரு மருத்துவரிடம் காட்டினார்கள். மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்தார். அந்த முடிவை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த அறையில் பத்து நிமிடம் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். மாத்திரையில் பலன் இல்லாததால் அருளானந்தர் கோயில் உள்ள ஓரியூருக்குப் போய்ச் செம்மண் எடுத்து வந்து நெற்றியில் பூசினார்கள். செய்வினை என்று ஒரு பேச்சு வந்தது. ஜூலை நடுவில் ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப் போனார்கள்.

ஏர்வாடி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு 2001 ஆகஸ்ட் 6-ந் தேதிதான் நினைவுக்கு வரும். அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு அப்படிப்பட்ட காப்பகங்களை மூடினார்கள். இப்போது தர்காவிலேயே அரசின் மனநலச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. பிரார்த்தனையும் நடக்கும், மருந்தும் கிடைக்கும். எங்கள் கடற்கரையில் இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் என்ற வேறுபாடெல்லாம் அந்த வாசலில் கிடையாது. இந்தக் குடும்பம் அங்கே போனதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. காரணம், நோயைச் சரியாகச் சந்தேகப்பட்ட முதல் ஆளை அவர்கள் அங்கேதான் பார்த்தார்கள்.

அந்தப் பிரிவில் இருந்த மருத்துவர் நோயாளியிடம் அதிகம் கேட்கவில்லை, மனைவியிடம்தான் கேட்டார். இதற்கு முன்னால் இப்படி இருந்ததுண்டா? இல்லை. குடும்பத்தில் யாருக்காவது? இல்லை. எப்போதிருந்து? மூன்று நான்கு மாதம். காலையில் எழுந்ததும் எப்படி இருப்பார்? வாந்தி எடுப்பார். சிறுநீர்? அப்போது மனைவி அழுதுவிட்டார். மருத்துவர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். பார்வை நரம்பின் முனை வீங்கியிருந்தது. ஐம்பது வயது வரை ஒழுங்காக இருந்த ஒருவருக்கு முதல்முறையாகக் குணம் மாறினால் தலையைப் படம் எடுக்காமல் மனநோய் என்று முடிவு செய்யக்கூடாது என்று சொல்லி, அன்றைக்கே ராமநாதபுரத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

குடும்பம் அன்றைக்குப் போகவில்லை. தர்காவில் தங்குவதாக நேர்ந்துகொண்ட இரவுகளில் இன்னும் ஆறு பாக்கி இருந்தது. “பாதியில விட்டுட்டுப் போனா அதுவே குத்தமாயிரும்னு அத்தை சொன்னாக. எனக்கும் பயம்” என்றார் மனைவி. நான்காம் இரவு வலிப்பு வந்தது. இடது கை முதலில் துடித்து, பிறகு உடம்பு முழுவதும். பக்கத்தில் இருந்தவர்கள் கையில் இரும்புச் சாவியைத் திணித்தார்கள். நாக்கைக் கடிக்காமல் இருக்க வாயில் கரண்டியை விட்டதில் ஒரு பல் உடைந்தது. 108 வந்தது.

சி.டி. ஸ்கேனில் வலது முன்மடலில் ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் கட்டி, சுற்றிலும் பெரிய வீக்கம். மூளையின் நடுக்கோடே இடது பக்கம் தள்ளியிருந்தது. மதுரைக்கு அனுப்பினார்கள். எம்.ஆர்.ஐ.யில் கட்டி நடுக்கோட்டைத் தாண்டி இடது பக்கமும் கொஞ்சம் ஊடுருவியிருப்பது தெரிந்தது.

அறுவையும் ‘கட்டி’ என்ற சொல்லும்

மதுரையில் முதல் மூன்று நாள் அறுவை இல்லை, டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி மட்டும். இது கட்டியைக் கரைக்காது. கட்டியைச் சுற்றிய வீக்கத்தை வற்ற வைக்கும். மூன்றாம் நாள் காலை அவர் எழுந்து, “நண்டு என்ன வெலை போகுது?” என்று மகனைக் கேட்டார். துஷ்டி வீட்டில் கேட்டதை விட்டால், ஐந்து மாதத்தில் அவராகக் கேட்ட முதல் கேள்வி. வீட்டில் எல்லோரும் குணமாகிவிட்டார் என்று நினைத்தார்கள். அறுவை வேண்டாம், ஊசியே போதும், தலையைத் திறந்தால் பரவிவிடும் என்று மச்சினர் வாதாடினார். இரண்டு நாள் போராட்டத்துக்குப் பின் மகன் கையெழுத்துப் போட்டான். கட்டியில் எடுக்க முடிந்ததை எடுத்தார்கள், முழுவதும் எடுக்க முடியவில்லை. பயாப்சி முடிவு: கிளியோபிளாஸ்டோமா, நான்காம் தரம்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். தமிழில் எல்லாவற்றுக்கும் ‘கட்டி’ என்ற ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். அக்குளில் வருவதும் கட்டி, தலைக்குள் வருவதும் கட்டி. கட்டி என்றால் உடைப்பார்கள், அறுப்பார்கள், ஆறிவிடும் என்றுதான் மனது போகும். மூளையை மூடியிருக்கும் உறையில் வளரும் மெனிஞ்சியோமா ஓரளவு அப்படித்தான். பெரும்பாலும் மெதுவாக வளரும், மூளையைத் தள்ளுமே தவிர உள்ளே நுழையாது. பல சமயம் முழுவதையும் எடுத்துவிடலாம், ஆள் பழையபடி வேலைக்குப் போவார். நுரையீரலிலோ மார்பகத்திலோ உள்ள புற்றுநோய் மூளைக்கு வந்து தங்குவது இன்னொரு வகை. கிளியோபிளாஸ்டோமா மூளையின் துணைச் செல்களிலேயே பிறப்பது. படத்தில் எல்லை தெரிந்தாலும் உண்மையில் எல்லை கிடையாது, அதன் செல்கள் நல்ல மூளைக்குள் இழையிழையாகப் போயிருக்கும். பக்கத்து வீட்டுக்காரருக்கு மூளைக்கட்டி வந்து பிழைத்துக்கொண்டார் என்ற கதையை வைத்து இவருக்கு எதையும் சொல்ல முடியாது.

மருத்துவர் மகனையும் மச்சினரையும் வெளியே அழைத்து, ஒரு வருடம், அதற்கு முன்னே பின்னே என்று சொல்லியிருக்கிறார். இருவரும் கூடிப் பேசி மனைவிக்குச் சொல்ல வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். காரணம், அவர் உடைந்துவிட்டால் வீட்டில் இரண்டு படுக்கை நோயாளிகளையும் பார்க்க ஆள் இல்லை. அவர்கள் வீடு திரும்பிய அன்று என்னையும் அந்த மறைப்பில் சேர்த்துக்கொள்ளப் பார்த்தார்கள். நானாகச் சொல்ல மாட்டேன், ஆனால் அவர் கேட்டால் பொய் சொல்ல மாட்டேன் என்றேன்.

மனைவி கேட்டார். கேட்ட விதம்தான் வேறு. மூத்தவருக்கு நான் படுக்கைப்புண் கட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்: “முழுசா எடுக்கலைன்னு டாக்டர் சொன்னாக. பாசி மாதிரிதானே சிஸ்டர்? மேல உள்ளதப் பிடுங்கலாம். கல்லோட சேத்துச் சொரண்டவா முடியும்? அடுத்த தண்ணிக்குப் போனா மறுபடி மொளைச்சுக் கெடக்கும்.” அந்த வீட்டில் யாராலும் அவரிடம் எதையும் மறைக்க முடியவில்லை என்பது அப்போது புரிந்தது. அவர்தான் மற்றவர்களிடமிருந்து மறைத்துக்கொண்டிருந்தார்.

மாத்திரை நின்ற வாரம்

செப்டம்பரில் நடந்த ஒரு தவறை விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் இது எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது.

டெக்ஸாமெத்தசோன் மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அவருக்குப் பசி கட்டுக்கடங்காமல் போனது. இரவு இரண்டு மணிக்குச் சோறு கேட்டார். தூக்கம் இல்லை. முகம் உப்பியது. தொடை வலுவிழந்து, கீழே உட்கார்ந்தால் ஆள் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது. நான் போன அன்று சும்மா குத்திப் பார்த்தேன், சர்க்கரை 386. ஸ்டீராய்டு இப்படிச் செய்யும், மருத்துவரிடம் காட்டி அளவைப் பார்க்கச் சொல்லுங்கள் என்று மகனிடம் சொல்லிவிட்டு வந்தேன். என் தவறு அங்கேதான். “இந்த மாத்திரையால்தான் சர்க்கரை ஏறுகிறது” என்று சொன்னவள், “ஆனால் இதைத் திடீரென்று நிறுத்தக்கூடாது” என்று சொல்லவில்லை. தெரியும் என்று நினைத்தேன். குடும்பம் தர்க்கப்படி நடந்தது: கெடுதல் செய்கிற மாத்திரையை நிறுத்தியது.

மூன்றாம் நாள் ஆள் மயக்கமாகக் கிடந்தார், எழுப்பினால் முனகினார். வீக்கம் திரும்ப வந்திருந்தது. அதோடு, பல வாரம் இந்த மாத்திரை சாப்பிட்ட உடம்பு தன் சொந்தச் சுரப்பைக் குறைத்துவிட்டிருக்கும். சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தமே விழலாம். மறுபடி 108, மறுபடி ஊசி, நான்கு நாள் படுக்கை. பிழைத்தார். அதற்குப் பிறகு மாத்திரை அட்டையின் மேல் பெரிய எழுத்தில் “தானாக நிறுத்தாதே” என்று மகள் எழுதி ஒட்டினாள். சர்க்கரைக்குத் தனியாக மருந்து கொடுத்தார்கள். ஸ்டீராய்டை மருத்துவர் வாராவாரம் கொஞ்சமாகக் குறைத்தார்.

மதுரையில் ஆறு வாரம்

கதிர்வீச்சு மொத்தம் 60 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), 30 தவணை. திங்கள் முதல் வெள்ளி வரை ஆறு வாரம், கூடவே தினமும் டெமோசோலமைடு என்ற புற்றுநோய் மாத்திரை. 2005-இல் 573 நோயாளிகளைக் கொண்ட ஆய்வு ஒன்று வெளியானது. கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் சரிபாதிப் பேர் 12.1 மாதம் வரை இருந்தார்கள், இந்த மாத்திரையும் சேர்ந்தபோது அது 14.6 மாதம் ஆனது. அதிலிருந்து இதுதான் வழக்கமான சிகிச்சை. இரண்டரை மாதம் கூடுகிறது. அதற்கு ஆறு வாரம் வீட்டை விட்டுப் போக வேண்டும். போவதா வேண்டாமா என்று குடும்பம் என்னைக் கேட்டபோது நான் முடிவு சொல்லவில்லை. அந்த ஆய்வில் இரண்டு வருடம் கடந்தவர்கள் மாத்திரை சேர்ந்த பிரிவில் நூற்றுக்கு 26 பேருக்கு மேல், இல்லாத பிரிவில் 10 பேர் என்பதையும் சொன்னேன். மகன் போகலாம் என்றான்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் அறுவையும் கதிர்வீச்சும் அடங்கிவிட்டன. அட்டையில் அடங்காதவை வேறு. மதுரையில் ஒற்றை அறை வாடகை, சாப்பாடு, பயணம். பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரிலேயே ரயிலை நிறுத்தியிருந்ததால் மண்டபம் வரை பேருந்தில் போய்த்தான் ரயில் ஏற வேண்டும். மனைவியின் பாசி வருமானம் நின்றது, மகன் பாதி நாள் கடலுக்குப் போகவில்லை. நண்டு எடுக்கும் ஏஜெண்டிடம் முன்பணம் வாங்கினார்கள். வாங்கிவிட்டால் பிடிக்கிற நண்டை அவர் சொன்ன விலைக்கு அவருக்கே போட வேண்டும். பாட்டியைப் பார்க்க வேண்டிய பொறுப்பு பிளஸ் டூ படிக்கும் மகள் தலையில் விழுந்தது. காலையில் பாட்டிக்குத் துணி மாற்றி, கஞ்சி கொடுத்து, அப்புறம் பள்ளிக்கூடம். இதை எந்தக் கணக்கிலும் யாரும் எழுதவில்லை.

அவராக இருக்குமா, கட்டியா, மாத்திரையா?

நவம்பரில் திரும்பி வந்தபின் பெரிய பிரச்சினை கோபம். தட்டை வீசினார், மகனை அடித்தார், மகளைச் சொல்லக்கூடாத வார்த்தை சொன்னார். ஒரு நாள் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, “இப்பக் கத்துறது அவுகளா, கட்டியா, மாத்திரையா? அதை மட்டும் சொல்லுங்க. நான் யார்கிட்டக் கோவப்படுறது?” என்று கேட்டார்.

நேர்மையான பதில், மூன்றும் இருக்கலாம். முன்மடல் சேதமானால் கோபத்துக்குக் கடிவாளம் இல்லை. ஸ்டீராய்டு தூக்கத்தைக் கெடுத்து எரிச்சலைக் கூட்டும். வலிப்புக்குக் கொடுத்த லெவிடிராசெட்டமும் சிலருக்குக் கடும் கோபத்தைக் கொண்டுவரும். எதில் எவ்வளவு என்று பிரிக்க முடியாது, ஆனால் மாற்றக்கூடியதை மாற்றிப் பார்க்கலாம். மகளிடம் ஒரு நோட்டுக் கொடுத்து நாள், நேரம், என்ன நடந்தது, மாத்திரை எப்போது என்று பத்து நாள் எழுதச் சொன்னேன். கோபம் பெரும்பாலும் மாலையில், வீட்டில் டிவியும் ஆட்களும் சேர்ந்து சத்தம் கூடும்போது. மருத்துவர் நோட்டைப் பார்த்துவிட்டு வலிப்பு மருந்தை மாற்றினார், ஸ்டீராய்டைக் காலையில் மட்டும் கொடுக்கும்படி நேரத்தை மாற்றினார். மாலையில் டிவியை அணைத்தார்கள். கோபம் போகவில்லை, பாதியாகக் குறைந்தது.

வலிப்புக்கும் ஒரு ஒழுங்கு வைத்தோம். சாவி வேண்டாம், கரண்டி வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வை, கடிகாரத்தைப் பார், ஐந்து நிமிடம் தாண்டினால் மூக்கில் அடிக்கும் மிடசோலம் மருந்து, கூடவே 108. கிணற்றடி, படகு இரண்டும் கிடையாது. படகு கிடையாது என்பதைத்தான் அவரால் ஏற்க முடியவில்லை. ஒரு நாள் விடியும் முன் எழுந்து போய், இடுப்பளவு தண்ணீரில் நங்கூரக் கயிற்றைப் பிடித்தபடி நின்றிருந்தார். கரையில் இருந்தவர்கள் கூட்டி வந்தார்கள்.

நடுவில் ஊர்க்காரர்கள் கேட்ட கேள்விகளும் குறைவில்லை. தொற்றுமா? தொற்றாது. பரம்பரையா? அரிய சில மரபு நோய்களைத் தவிர்த்தால் இல்லை. தலையில் பாய்மரம் இடித்ததாலா? இல்லை. செல்போனா? அப்படி நிரூபணம் ஆகவில்லை. இவற்றை மகளுக்காகத்தான் நான் திண்ணையில் வைத்துச் சத்தமாகச் சொன்னேன். அவளுக்கு வரன் பார்க்கும்போது இந்தக் கேள்வி மறுபடி வரும் என்று அவளுடைய அத்தைக்கு அப்போதே கவலை.

கொஞ்சம் நல்ல நாட்கள்

2024 ஜனவரி முதல் ஏப்ரல் வரை மாதத்தில் ஐந்து நாள் டெமோசோலமைடு மாத்திரை, மீதி நாள் ஓய்வு. ஓரளவு நடந்தார். ஒரு மாலை கடற்கரைப் பூவரச மரத்தடியில் மகன் அவர் மடியில் வலையைப் போட்டு, வலை ஊசியைக் கையில் கொடுத்தான். அன்று என்ன கிழமை என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. ஆனால் வலது கை ஊசியை வாங்கி, நூலை விட்டு, இழுத்து, முடிச்சுப் போட்டது. இடது கைதான் கண்ணைப் பிடிக்க வராமல் நழுவியது. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய இடது கை செய்ய வேண்டியதைத் தன் கையால் செய்தார். அப்படி ஒரு முழம் பொத்தினார்கள். நான் மூத்தவரைப் பார்க்கப் போகிற வழி அது, ஐந்து நிமிடம் நின்று பார்த்தேன்.

மகளின் பொதுத்தேர்வு மார்ச்சில் முடிந்தது. தேறினாள்.

திரும்ப வந்தபின்

மே மாதம் நடை தளர்ந்தது, தூக்கம் கூடியது. எம்.ஆர்.ஐ.யில் இடது பக்கமும் கட்டி. இரண்டாவது அறுவையால் பயன் குறைவு, ஆபத்து அதிகம் என்றார் மருத்துவர். இந்தத் தடவை மனைவி அறைக்குள் இருந்தார், அவரே கேட்டார்: “வீட்டுல வச்சுப் பாத்துக்கலாமா?” பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டில் எடுத்த முடிவுகள் சில. விழுங்க முடியாமல் போனபோது மூக்கில் குழாய் போடவில்லை. ஊட்டினால் புரையேறியதால் உதட்டை மட்டும் நனைத்தார்கள். சோறு கொடுக்காமல் சாகவிடுகிறார்கள் என்று உறவில் ஒருவர் சொன்னது மனைவியை அதிகம் வருத்தியது. உடம்பு தானாகவே பசியை விட்டுவிட்டது என்பதை அந்த உறவினருக்கு நான் தனியாக உட்கார்ந்து சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைத்தார்கள். பாட்டிக்கு மூன்று வருடம் செய்த பழக்கம் இருந்ததால் அதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அவருக்குக் கடைசி வரை படுக்கைப்புண் வரவில்லை. ஆகஸ்ட் முதல் வாரத்தில், அறுவை நடந்து ஒரு வருடம் ஆகச் சில நாள் இருக்கும்போது, விடியற்காலையில் இறந்தார்.

மூத்தவர் இன்னும் இருக்கிறார். மகள் அந்த வருடம் கல்லூரியில் சேரவில்லை. மகன் ஏஜெண்டின் முன்பணத்தை இன்னும் கழித்துக்கொண்டிருக்கிறான். மனைவி மறுபடி பாசிக்குப் போகிறார். அவருக்கு ஆறாத இடம் அந்த முதல் ஐந்து மாதம்: “நோயாளின்னு தெரிஞ்சிருந்தா வெளக்குமாத்த எடுத்திருப்பேனா?” உங்கள் மேல் தவறில்லை என்று பலமுறை சொன்னேன். அது அவருக்குள் போகவில்லை. ஒரு நாள் என் குறிப்பேட்டைத் திறந்து அந்த ஏப்ரல் வரியைக் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்துவிட்டு, “நீங்களுமா?” என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. ஆனால் அன்றிலிருந்து போனால் டீ குடிக்காமல் விட மாட்டார்.

என் வேலையில் மாற்றியவை

நோயாளியை மட்டும் பார்த்துவிட்டு வருவதில்லை. வீட்டில் மற்றவர்களில் யாராவது முன்பு போல் இல்லையா என்று கேட்கிறேன். இருந்தால் எப்போதிலிருந்து, காலையில் தலைவலியா, வாந்தியா, சிறுநீர் கட்டுப்பாடு எப்படி, செய்து பழகிய வேலையில் தப்பு வருகிறதா என்று கேட்கிறேன். ஏர்வாடிக்குப் போகிற குடும்பத்தைத் தடுப்பதில்லை, அங்குள்ள மருத்துவரையும் பாருங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன். ஸ்கேன் எடுக்கச் சொன்னால், அதை எடுத்துவிட்டு வந்து நேர்ச்சையை முடிக்கலாமா என்று தர்காவில் உள்ள பெரியவர்களையே கேட்கச் சொல்கிறேன். கேட்ட இரண்டு குடும்பத்துக்கும் “முதல்ல மருந்தப் பாருங்க” என்றுதான் பதில் வந்தது. ஸ்டீராய்டு உள்ள வீட்டில் அதை நிறுத்தக்கூடாது என்பதை மாத்திரை கையில் வாங்கும் அன்றே, சமைக்கிற ஆளிடம் சொல்கிறேன். குறிப்பேட்டில் ‘பொறுப்பில்லை’ போன்ற சொற்களை எழுதுவதில்லை, பார்த்ததை எழுதுகிறேன்: படுத்திருந்தார், கேட்டதற்குப் பதில் சொன்னார், சட்டையைத் திருப்பிப் போட்டிருந்தார்.

போன மாதம் தென்கடல் பக்கம் ஒரு வீட்டில் 48 வயதுப் பெண்மணி, அடுப்பை அணைக்க மறக்கிறார், எதிலும் பிடிப்பில்லை, முகம் உப்பியிருந்தது. நேராக ஸ்கேனுக்கு அனுப்பினேன். தலையில் ஒன்றுமில்லை. தைராய்டு சுரப்பு மிகவும் குறைவு. மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள், ஆறு வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும்.